கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்

கால்குலேட்டரில் 7, 8, 9 மேல் வரிசையில் இருக்கும். போனில் 1, 2, 3 தான் மேலே. எத்தனை பேர் இதைக் கவனித்திருக்கிறீர்கள்? நான் கவனிக்கவில்லை. அதற்கு விலை ஒரு தட்டு ரப்பர் புஷ்!

மீஞ்சூர் பக்கம் ஒரு பட்டறையில் இன்-பிளான்ட் டிரெயினிங். ஓவனில் ரப்பர் புஷ்களை வைத்து, டைமரில் 10 நிமிடம் போட வேண்டும். என் கண் டெம்பரேச்சர் மீட்டர் மேல். விரல் தானாகப் போய் இடது மூலை கீழ்ப் பொத்தானை அழுத்தியது, பிறகு 0. செமஸ்டர் முழுக்கக் கால்குலேட்டர் தட்டிய விரலுக்கு அந்த இடம் 1. அந்தப் பலகையிலோ போன் வரிசை. அங்கே அது 7. மணி அடிக்கும் என்று டீ குடிக்கப் போய்விட்டேன். மணி அடிக்கவில்லை, தீய்ந்த நாற்றம்தான் வந்தது. ஃபோர்மேன் அண்ணன் கேட்டார்: "இன்னா தம்பி, கண்ண எங்க வச்சிக்கினு கீற?"

கேள்வி நியாயம்தான். ஆனால் பழகிய கைக்குக் கண் தேவைப்படுவதில்லையே! முதன்முறை ஒரு பொத்தானை அழுத்தும்போது கண் குறி பார்க்கிறது, கை கிளம்புகிறது, பாதி வழியில் கண் திருத்துகிறது. பழகப் பழகக் கண் விலகிக்கொள்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட்டுப் பாருங்கள். தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்வு நரம்புகள் கை இருக்குமிடத்தை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கைக்கு இடம் தெரியும். அங்கே எந்த எண் அச்சாகியிருக்கிறது என்பது தெரியாது. பலகை செய்தவர் இதை மறந்தால் பழி ஆபரேட்டர் தலையில்!

1954-ல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், இரண்டு உலோகத் தகடுகளைக் குச்சியால் மாறி மாறித் தட்டச் சொல்லிச் சோதித்தார். தகடு சிறுத்தாலும், தள்ளிப் போனாலும் கை தாமதித்தது.

கையின் குணம் தெரிந்து செய்த பலகையும் நம்மிடம் உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதையொட்டித் தமிழக அரசு தரப்படுத்தியதுதான் தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரு கை அடிக்கும்போதே மறு கை அடுத்த விசைக்குக் கிளம்பிவிடும். அடிக்கடி வரும் க, ப, ம, த எல்லாம் விரல் ஓய்வெடுக்கும் நடு வரிசையில். அ-வுக்கு நேர் மேலே ஆ, இ-க்கு மேலே ஈ. எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருக்கிறதல்லவா, விரல் பார்க்காமலே இடம் கண்டுபிடிக்க? தமிழ்99-ல் அந்த எஃப் மேட்டில்தான் புள்ளி!

நம்மூர் பெயரையே அடித்துப் பாருங்களேன்: ம, ஈ, ஞ, ச, ஊ, ர, புள்ளி. ஏழே தட்டு. ச வந்ததும் ஞ-வுக்குப் புள்ளி தானாக விழும். ஆள்காட்டி விரல்களை மேட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டேன். வலது ஓரத்தில் தள்ளி நிற்கும் அந்த ஞ மட்டும் இன்னும் சுண்டுவிரலுக்குத் தண்ணி காட்டுகிறது. ஃபிட்ஸ் சொன்னது சரிதான்!