கெட்டிமேளமும் என் மகனும்

சென்ற மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். கெட்டிமேளம் கொட்டியதும் என் ஏழு வயது மகன் காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டான். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"பிள்ளையா வளர்த்திருக்கா? ரெண்டு போடு போட்டா சரியாயிடும்" என்றார் என் கணவரின் பெரியம்மா.

அவனுக்கு ஆட்டிசம். சில சத்தங்கள் அவனுக்கு வலி மாதிரி. பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் உள்ள வித்தியாசம் இது, வளர்ப்பால் வருவதல்ல. ஒரு காலத்தில் வெளிநாட்டு டாக்டர்களே, பாசமில்லாத தாய்தான் காரணம் என்றார்களாம்! அவர்கள் அதை விட்டு எத்தனையோ வருஷமாச்சு, நம் சொந்தபந்தம்தான் விடவில்லை.

"நல்லாத்தானே பேசுறான்?" என்பார்கள். இப்படி நன்றாகப் பேசும் பிள்ளைகளுக்கு முன்பு ஆஸ்பெர்ஜர் என்று தனிப்பெயர் இருந்தது. 2013ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதையும் ஆட்டிசத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

பெரியம்மாவை மட்டும் குறை சொல்வானேன்? தாயத்து, மந்திரிப்பு என்று இரண்டு வருஷத்தை வீணாக்கியவள்தான் நானும்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது, அதே பெரியம்மாவின் மருமகள் பக்கத்தில் வந்தாள். "அக்கா, என் பொண்ணுக்கு மூணு வயசாகுது. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறா. நீங்க எந்த டாக்டர்கிட்ட காட்டுனீங்க?"

பெரியம்மா கண்ணில் படாமல் மொய்க் கவரின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்