ஏன் இப்படிச் செய்தீர்கள்?

1992-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், மான்செஸ்டர் நகரத்துப் பள்ளி ஒன்றின் விளையாட்டுக் கூடத்தில் மக்காச்சோள மணிகளைக் கொட்டிப் பரப்பினார்கள். 28 அணிகள், தாங்கள் செய்த ரோபோக்களை அந்த மணிகளின் மேல் ஓடவிட்டு டென்னிஸ் பந்துகளை வாரிச் சேர்த்தன. ஃபர்ஸ்ட் அமைப்பு நடத்திய முதல் ரோபோ போட்டி அது. அமைப்பை 1989-இல் தொடங்கியவர் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன். போட்டிக்கு அடித்தளம் போட்டவர் எம்.ஐ.டி. பேராசிரியர் உடி ஃபிளவர்ஸ். தம் வடிவமைப்பு வகுப்பில் எல்லா மாணவர்களுக்கும் ஒரே மாதிரியான பொருட்பெட்டியைக் கொடுத்து, ஆளுக்கொரு இயந்திரம் செய்யவைத்து, கடைசியில் மோதவிட்டவர் அவர்.

அந்த முதல் ஆண்டிலேயே எடுத்த ஒரு முடிவு இன்றுவரை நீடிக்கிறது. களத்தில் ஜெயித்தவர்களுக்குக் கோப்பை உண்டு. ஆனால் ஆகப்பெரிய மரியாதை 'சேர்மன்ஸ் அவார்ட்' என்று அன்று அழைக்கப்பட்ட தனி விருதுக்கு. மற்ற அணிகள் பார்த்துப் பின்பற்றத்தக்க அணி எதுவோ, அதற்கு. மேலும் கீழும் குதித்துக் கத்தும் கூட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது பந்தும் புள்ளியும்தான். நடுவர்கள் தேடவேண்டியதோ, அந்த இயந்திரத்தைச் செய்த பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை. கண்ணுக்குத் தெரியாத இதை அளப்பது எப்படி? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர் ரோபோ போட்டிகளின் விருது விதிகள் மாறிவந்த கதை முழுக்க இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதைதான்.

1999-இல் ஒரு பெரிய திருப்பம் வந்தது. அதுவரை தனித்தனியாக மோதிய அணிகள் கூட்டணியாக ஆடத் தொடங்கின. 2005 முதல் மூன்றுக்கு மூன்று. இந்த ஆட்டத்தில் எதிரி அடுத்த ஆட்டத்தில் கூட்டாளி. ஆகவே பக்கத்து அணியின் மோட்டார் புகைந்தால் நம் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பது நமக்கும் நல்லது. உடி ஃபிளவர்ஸ் 'கிரேஷியஸ் புரொஃபஷனலிசம்' என்று சொல்லிவந்த பண்பு, கடுமையாக ஆடிக்கொண்டே எதிராளியை மதிக்கும் பண்பு, களத்திலேயே பார்க்கக்கூடிய ஒன்றாகிவிட்டது. நடுவர்கள் இனி அதை யாரும் சொல்லிக் கேட்கவேண்டியதில்லை.

நான் மிகவும் மதிக்கும் மாற்றம் வேறிடத்தில் நடந்தது. ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற நடுத்தரப் பிரிவில் முன்பு ஒவ்வொரு அணியும் பொறியியல் குறிப்பேடு ஒன்றை ஒப்படைக்கும். தேதி போட்டு, பக்க எண் போட்டு, ஒவ்வொரு நாள் கூட்டத்தில் பேசியதையும் எழுதவேண்டும். எந்தக் கியர் உடைந்தது, ஏன் சக்கரத்தை மாற்றினோம், யார் சொன்ன யோசனை வேலைசெய்யவில்லை, எல்லாம் அதில் இருக்கும். எழுதிய பிள்ளைகளுக்கு அது பெரும் பாடம். ஆனால் போட்டி நாளில் அந்தக் குறிப்பேடு நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட கனத்த கோப்பாக நடுவர் மேசையில் வந்து விழும். வரிசையில் இன்னும் பல அணிகளின் கோப்புகள். எந்த மனிதரால் அத்தனையையும் ஒரே காலையில் படிக்க முடியும்? தடிமனும் வண்ணப்பட அட்டையும் பேசத் தொடங்குவது அப்படித்தான்.

கொரோனா காலத்தில், 2020-21 பருவத்தில், இதை மாற்றினார்கள். குறிப்பேட்டை அணிகள் தங்களுக்காக வைத்துக்கொள்ளலாம். நடுவருக்குக் கொடுக்கவேண்டியது அட்டை நீங்கலாக 15 பக்கப் போர்ட்ஃபோலியோ. பார்ப்பதற்குச் சிறிய நிர்வாக மாற்றம். ஆனால் அது பிள்ளைகள் தலையில் புதிதாக ஒரு வேலையை ஏற்றியது: ஓர் ஆண்டு உழைப்பிலிருந்து எது முக்கியம் என்று தேர்ந்தெடுக்கவேண்டும். பன்னிரண்டு முறை மாற்றிய ரோபோ கையின் கடைசி வடிவத்தைக் காட்டுவதா, அது ஏன் பன்னிரண்டு முறை மாறியது என்பதைக் காட்டுவதா? நல்ல அணிகள் இரண்டாவதைத்தான் காட்டுகின்றன. பணம் அதிகமுள்ள அணி நூறு பக்கம் வண்ணத்தில் அச்சடிக்கும் சாதகமும் அன்றோடு போயிற்று.

சிறுவர்களுக்கான ஃபர்ஸ்ட் லெகோ லீக்கிலும் அதே ஆண்டில் மாற்றம் வந்தது. முன்பு பிள்ளைகள் மூன்று அறைகளுக்கு ஓடவேண்டும். ஓர் அறையில் ரோபோ வடிவமைப்பு, இன்னொன்றில் ஆய்வுத் திட்டம், மூன்றாவதில் குழுப் பண்பு. ஒவ்வொன்றிலும் புதிய நடுவர்கள், புதிய பதற்றம். குழுப் பண்பு அறையில் கையில் எதையாவது கொடுத்து, "சேர்ந்து செய்யுங்கள்" என்பார்கள். பத்து வயதுப் பிள்ளைகளின் நட்பை ஐந்து நிமிடத்தில் சோதிக்கும் அந்த முறை எனக்கு என்றுமே உவப்பாயிருந்ததில்லை. இப்போது ஒரே அறை, முப்பது நிமிடம். ரோபோவைப் பற்றிப் பேசும்போது யார் யாரைப் பேசவிடுகிறார், தோற்ற யோசனையைச் சொன்னவரைக் குழு எப்படி நடத்துகிறது என்பதிலிருந்தே பண்பைப் படித்துக்கொள்கிறார்கள். மேசை மேல் ரோபோ எடுத்த புள்ளி, வடிவமைப்பு, திட்டம், பண்பு ஆகிய நான்குக்கும் தலா 25 சதவீதம். களத்தில் வெளுத்து வாங்கிய ரோபோ மட்டும் இருந்தால் சாம்பியன் விருது கிடைக்காது.

மதிப்பிடும் தாளும் மாறியது. ரூப்ரிக் என்று எல்லோரும் அழைக்கும் அந்தத் தாள் போட்டிக்கு மாதங்கள் முன்பே வெளியிடப்படுகிறது. உலகம் முழுக்க, இந்தியாவில் ஆடும் அணிக்கும், அதே தாள்தான். ஒன்று முதல் நான்கு வரை நிலைகள். மூன்று என்றால் கேட்டதை முழுமையாகச் செய்திருக்கிறார்கள். நான்கு கொடுக்க நினைக்கும் நடுவர் சும்மா குறியிட்டுவிட்டுப் போகமுடியாது. எந்த விதத்தில் எல்லை தாண்டினார்கள் என்று அந்தக் கட்டத்திலேயே எழுதவேண்டும். தாள் பிறகு அணியின் கைக்கே போகிறது. மதிப்பெண் போட்டவரும் காரணம் காட்டவேண்டியிருக்கும் தேர்வு நம் பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் எத்தனை கிடைக்கிறது?

1992-இல் தொடங்கிய பெரிய பிரிவில் 1996 முதல் உடி ஃபிளவர்ஸ் பெயரில் வழிகாட்டிகளுக்கு ஒரு விருது உண்டு. அதற்குப் பரிந்துரைத்து எழுதுபவர்கள் மாணவர்கள். 2010 முதல் டீன்ஸ் லிஸ்ட்; அதில் வழிகாட்டிகள் மாணவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். சேர்மன்ஸ் அவார்ட் 2023 பருவம் முதல் 'ஃபர்ஸ்ட் இம்பாக்ட் அவார்ட்' ஆகிவிட்டது. பெயரைவிடக் கவனிக்கத்தக்கது அதன் விதிகள் இறுகிய விதம். ஒரு காலத்தில் "இத்தனை அணிகளைத் தொடங்கினோம், இத்தனை பேருக்கு வழிகாட்டினோம்" என்று எண்களை அடுக்குவது எளிது. ஓர் அணியைத் 'தொடங்கினோம்' என்றால் என்னென்ன செய்திருக்கவேண்டும், 'வழிகாட்டினோம்' என்றால் என்ன என்று இன்று வரையறை இருக்கிறது. தொடங்கிவைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அணியும் அதை ஒப்புக்கொள்ளவேண்டும். போட்டிக்காகச் சேவை செய்கிறார்கள் என்ற குறை முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. பொய்க்கணக்குக்கு வழி குறுகியிருக்கிறது.

பெரியவர்கள் செய்த ரோபோ என்ற பழைய முணுமுணுப்பும் நடுவர்கள் கேள்வி கேட்டு விசாரிக்கும் முறையால் ஓரளவு அடங்கியிருக்கிறது. பெரிய பிரிவில் பொறியாளரும் மாணவரும் தோளோடு தோள் நின்று செய்வதே தொடக்கம் முதல் நோக்கம். அதில் ஒளிக்க ஏதுமில்லை. சிறுவர் பிரிவில் கதை வேறு. அப்பா எழுதிய நிரலைக் கொண்டுவரும் பிள்ளையிடம் நடுவர், "இந்த இடத்தில் சென்சாரை ஏன் பயன்படுத்தினீர்கள்? இல்லாமல் ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் போதும். தானே எழுதிய பிள்ளை பதிலை நிறுத்தமாட்டாது.

ஆனால் இதே முறையில்தான் எனக்குப் பெரிய கவலையும். கேள்விக்கு விடை சொல்லித்தான் நிரூபிக்கவேண்டும் என்றால், வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும். ஆறு மாதம் மேசையடியில் உட்கார்ந்து ஒயரைச் சுற்றிய, பத்துச் சொல் பேசாத பிள்ளை முப்பது நிமிட அறையில் ஓரத்தில் நிற்கும். ஆங்கிலம் தட்டித்தடவிப் பேசும் பிள்ளைக்கு இன்னும் கடினம். டெக் சேலஞ்சில் நேர்காணல் முடிந்தபின் நடுவர்கள் அணிகள் கருவிகளோடு உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே மறுபடி போய்ப் பேசுகிறார்கள். அங்கே அந்தப் பிள்ளை ஸ்க்ரூடிரைவரோடு வேலையில் இருக்கும். கேட்டால் ரோபோவைக் கவிழ்த்துக் காட்டிவிடும். லெகோ லீக்கில் பெரும்பாலும் அந்த ஓர் அறையோடு முடிந்துவிடுகிறது. அடுத்து விதிகளைத் திருத்த உட்காருபவர்கள் சிறுவர் பிரிவின் நடுவர்களையும் அந்த மேசைகளுக்கு அனுப்பவேண்டும், அங்கே பார்த்ததற்கும் ரூப்ரிக்கில் ஒரு வரி ஒதுக்கவேண்டும்.