எக்ஸெலா, போஸ்ட்கிரெஸா, ஸ்னோஃப்ளேக்கா? டேட்டா டீமுக்கு எது செட் ஆகும்



இந்த வார எபிசோடு டேட்டாபேஸ் பற்றி. ஆடியோவில் ஒரு டூலுக்கு ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கும். அதனால விட்டுப்போன கணக்கு வழக்கெல்லாம் இங்கே எழுத்தில்.

கேள்வி இதுதான். ஒரு கம்பெனியில் நாலஞ்சு பேர் கொண்ட டேட்டா டீம் இருக்கு. விற்பனை, ஸ்டாக், கஸ்டமர் விவரம் எல்லாத்தையும் எங்கே வைக்கிறது? ஆப் கட்டுற டெவலப்பருக்குத் தேவையான டேட்டாபேஸ் வேற, திங்கட்கிழமை காலையில் மேனேஜருக்கு ரிப்போர்ட் கொடுக்கிற டீமுக்குத் தேவையானது வேற. நிறைய ஒப்பீட்டு வீடியோக்கள் இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிடுது.

நான் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறவன். ஆறு மாசம் ஒரு இடம், அப்புறம் வேற இடம். எங்கே போனாலும் முதல் நாள் மூணு கேள்வி கேட்பேன். டேட்டா எவ்வளவு பெருசு? ஒரே நேரத்தில் எத்தனை பேர் அதில் எழுதுவாங்க? மாசக் கடைசியில் பில் யாருக்கு வரும்? இந்த மூணுக்கும் பதில் கிடைச்சா, லிஸ்டில் இருக்கிற பெயர்களில் பல தானாகவே விழுந்துடும்.

எக்ஸெல்: எல்லாரும் ஆரம்பிக்கிற இடம்

எக்ஸெலைக் கிண்டல் பண்றது ஐடி ஆட்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அக்கவுன்ட்ஸில் இருபது வருஷமா இருக்கிறவங்க எக்ஸெலில் போடுற கணக்கைப் பார்த்தா நமக்கே தலை சுத்தும். டேட்டா சின்னதா, ஒருத்தரே பார்த்துக்கிறதா இருந்தா அதைவிட வேகமான டூல் கிடையாது.

பிரச்சனை, அது டேட்டாபேஸ் வேலையைச் செய்யத் தொடங்கும்போது வருது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரைக்கும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா பாசிட்டிவ் முடிவுகள் தினசரிக் கணக்கில் சேராம விட்டுப்போச்சு. லேபிலிருந்து வந்த சிஎஸ்வி ஃபைல்களைப் பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏத்தினாங்க. அந்த வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான். ஒரு டெஸ்ட் முடிவுக்குப் பல வரிசை தேவைப்பட்டதால், இடம் இன்னும் சீக்கிரமாத் தீர்ந்துடுச்சு. மீதி வரிசைகள் சத்தமே இல்லாம வெளியே நின்னுடுச்சு. பாசிட்டிவ் வந்தவங்களுக்கு ரிசல்ட் போயிருந்தது. ஆனா அவங்களோட பழகினவங்களைத் தேடிப் பிடிச்சு எச்சரிக்கிற வேலை, பல நாள் தள்ளிப்போச்சு. அந்த நாட்களில் அவங்க ஆபீஸுக்கும் பாட்டி வீட்டுக்கும் போயிட்டு வந்திருக்கலாம்.

2007க்குப் பிறகு வந்த வடிவத்தில் 10,48,576 வரிசை வரைக்கும் இடம் இருக்கு. எண் மாறினாலும் பாடம் அதேதான்: நிரம்பினதும் கத்தாத டூலில் முக்கியமான டேட்டாவை வைக்காதீங்க.

பில் கட்டும் தனி நோட்டும்

மத்த டூல்களுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் புரிஞ்சா போதும். ஒரு கடையில் ஒரு வருஷத்து பில் கட்டு இருக்குன்னு வைங்க. ஒவ்வொரு பில்லிலும் தேதி, கஸ்டமர் பெயர், பொருள், விலை, வரி எல்லாம் இருக்கு. ஒரு பில்லைத் தேடி எடுத்துத் திருத்தணும்னா இந்த அமைப்பு சௌகரியம். ஆனா 'இந்த வருஷம் மொத்த வரி எவ்வளவு?'ன்னு கேட்டா கட்டு முழுக்கப் புரட்டணும்.

அதே விவரத்தைத் தேதிக்கு ஒரு நோட்டு, விலைக்கு ஒரு நோட்டு, வரிக்கு ஒரு நோட்டுன்னு தனித்தனியா எழுதி வெச்சிருந்தா? வரி நோட்டை மட்டும் எடுத்துக் கூட்டினா போதும். ஒரே வகை எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் சுருக்கி வைக்கிறதும் சுலபம். ஆனா புதுசா ஒரு பில் வந்தா எல்லா நோட்டிலும் எழுதணும்.

முதல் வகை, வரிசையாகச் சேமிக்கிறது: போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட். ரெண்டாவது வகை, பத்தி பத்தியாகச் சேமிக்கிறது: டக்டிபி, ஸ்னோஃப்ளேக், பிக்குவெரி. எது வேகம்னு சண்டை போடுறவங்ககிட்ட, எந்த வேலைக்குன்னு திருப்பிக் கேளுங்க.

போஸ்ட்கிரெஸ்: நம்பி வைக்கலாம்

1986ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழு தொடங்கின ஆராய்ச்சிதான் இதோட வேர். 1996ல் போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்னு பெயர் மாறுச்சு. இலவசம், ஓப்பன் சோர்ஸ்.

இதில் எனக்குப் பிடிச்சது அதோட கண்டிப்பு. ஒரு பத்தியில் எண் மட்டும்தான்னு சொன்னா, அதில் 'இல்லை'ன்னு யாராவது எழுதினா ஏத்துக்காது. ஒரே இன்வாய்ஸ் எண் ரெண்டு தடவை வரக்கூடாதுன்னு சொன்னா, ரெண்டாவதைத் திருப்பி அனுப்பிடும். பணத்துக்கு நியூமெரிக் வகை இருக்கு, அதனால தசமத்தில் காசு காணாம போகாது. ஒரே நேரத்தில் பல பேர் எழுதினாலும் குழப்பம் இல்லை.

சில கோடி வரிசை வரைக்கும், இண்டெக்ஸ் ஒழுங்கா இருந்தா, ரிப்போர்ட் வேலைக்கும் இதுவே போதும். ரெண்டு எச்சரிக்கை மட்டும். கடையின் ஆப் ஓடுற அதே சர்வரில் கனமான ரிப்போர்ட்டை ஓட்டாதீங்க, பில் போடுற கவுன்டர் நின்னுடும். ரிப்போர்ட்டுக்குன்னு ஒரு பிரதி சர்வர் வைங்க. அடுத்தது, ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 வருஷம்தான் சப்போர்ட். அப்டேட், பேக்கப் எல்லாம் பார்க்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் யாருன்னு முதலிலேயே பேசி முடிச்சிடுங்க. இல்லைன்னா டீமில் வயசில் சின்னவங்க தலையில்தான் விழும்.

எஸ்கியூலைட், டக்டிபி: சர்வரே வேண்டாம்

ரிச்சர்ட் ஹிப் 2000ல் வெளியிட்ட எஸ்கியூலைட் இப்போ உங்க பாக்கெட்டில் இருக்கு. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் ரெண்டிலும் அதுதான் ஓடுது. முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல். ஆனா ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் எழுத முடியும். இன்னொரு குணம்: எண் பத்தியில் எழுத்தைப் போட்டாலும் பேசாம வாங்கிக்கும். 2021 முதல் ஸ்ட்ரிக்ட் டேபிள் வந்திருக்கு. வியாபார டேட்டான்னா அதைப் பயன்படுத்துங்க.

டக்டிபி, ஆம்ஸ்டர்டாமில் இருக்கிற சிடபிள்யூஐ ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. பைத்தான் மொழி பிறந்த அதே இடம். ஹன்னஸ் மூலைசன், மார்க் ராஸ்வெல்ட் ரெண்டு பேரும் உருவாக்கினாங்க. ஹன்னஸ் ஒரு வாத்து வளர்த்தார், அதனால்தான் இந்தப் பெயர். 2024 ஜூனில் 1.0 பதிப்பு வந்தது.

எக்ஸெலில் திறக்கவே திறக்காத பல ஜிபி சிஎஸ்வி ஃபைலை லேப்டாப்பில் நேரடியாகக் கேள்வி கேட்கலாம். எங்கேயும் அப்லோட் பண்ண வேண்டாம், மாச வாடகை இல்லை. தனியா உட்கார்ந்து அலசுற அனலிஸ்டுக்கு இதுதான் என் முதல் சிபாரிசு. குறைன்னா, ஒரே டேட்டாபேஸ் ஃபைலில் ரெண்டு புரோகிராம் ஒரே நேரத்தில் எழுத முடியாது. டீம் முழுக்கப் பகிர்ந்துக்க இது சரிவராது. அதோட, கஸ்டமர் பெயரும் முகவரியும் உங்க லேப்டாப்புக்கு வந்துடுது. அந்த லேப்டாப் ட்ரெய்னில் தொலைஞ்சா அது வெறும் லேப்டாப் தொலைஞ்ச விஷயம் இல்லை. பெயர், போன் நம்பர் பத்திகளை நீக்கிட்டு மீதியை மட்டும் இறக்குங்க.

பிக்குவெரி, ஸ்னோஃப்ளேக்: மீட்டர் ஓடுற டாக்ஸி

கிளவுட் வேர்ஹவுஸ் ரெண்டுமே அருமையான டூல்கள். சர்வர் பார்த்துக்க ஆள் வேண்டாம், டேட்டா எவ்வளவு வளர்ந்தாலும் தாங்கும். ஆனா மீட்டர் எப்படி ஓடுதுன்னு தெரியாம ஏறக்கூடாது.

கூகிளின் பிக்குவெரியில் சாதாரணத் திட்டம், நீங்க படிச்ச டேட்டாவின் அளவுக்குக் காசு. 2023 ஜூலை முதல் அமெரிக்கப் பகுதியில் ஒரு டெராபைட்டுக்கு 6.25 டாலர், மாசத்துக்கு முதல் டெராபைட் இலவசம். கேட்க சின்னத் தொகை. 2 டெராபைட் டேபிள் ஒன்னு இருக்கு, அதில் நாள் முழுக்க புது டேட்டா சேருது, ஒரு டாஷ்போர்டு மணிக்கு ஒரு தடவை அதை முழுசாப் படிக்குதுன்னு வைங்க. ஒரு நாளைக்கு 48, ஒரு மாசத்துக்கு 1,440 டெராபைட். பில் சுமார் 9,000 டாலர். பத்து வரிசை போதும்னு லிமிட் போட்டா குறையும்னு நினைப்பாங்க. சாதாரண டேபிளில் குறையாது, ஏன்னா பத்தி முழுக்கப் படிச்ச பிறகுதான் பத்து வரிசையை வெட்டிக் கொடுக்குது. தேதி வாரியாகப் பிரிச்சு வைங்க, தேவையான பத்தியை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்க. ஒரு கேள்விக்கு அதிகபட்சம் இவ்வளவுதான்னு உச்சவரம்பு வைக்கிற வசதியும் இருக்கு, அதை முதல் நாளே போட்டுடுங்க.

ஸ்னோஃப்ளேக் நேரத்துக்குக் காசு வாங்கும். மிகச் சின்ன வேர்ஹவுஸ் மணிக்கு 1 கிரெடிட், அடுத்தது 2, மீடியம் 4, இப்படி இரட்டிப்பாகும். ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் குறைஞ்சது 60 விநாடிக்குக் காசு. வேலை இல்லாதப்போ தானா தூங்குற நேரத்தை 10 நிமிஷம்னு விட்டுட்டு, 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை டாஷ்போர்டைப் புதுப்பிச்சா அது தூங்கவே தூங்காது. மீடியம்னா ஒரு நாளைக்கு 96 கிரெடிட். அந்தக் கேள்வி 20 விநாடியில் முடியும்னா, தூங்குற நேரத்தை 1 நிமிஷமாக்கினா சுமார் 26 கிரெடிட்டில் அதே வேலை முடியும். ஒரு செட்டிங், முக்கால்வாசிப் பணம் மிச்சம்.

பூட்டு மாதிரி தெரியும், பூட்டு இல்லை

போஸ்ட்கிரெஸிலிருந்து கிளவுடுக்கு மாறுற டீம்கள் அதிகம் அடிபடுறது இங்கேதான். ஸ்னோஃப்ளேக்கின் சாதாரண டேபிளிலும் பிக்குவெரியிலும் பிரைமரி கீன்னு எழுதலாம். ஆனா அதே எண் ரெண்டாவது தடவை வந்தா தடுக்காது. அது பூட்டு இல்லை, பூட்டு படம் போட்ட ஸ்டிக்கர்.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், பெயர் வேண்டாம், ஞாயிறு ராத்திரி டேட்டா ஏத்துற வேலை பாதியில் நின்னு, தானாகவே மறுபடி முதலிலிருந்து ஓடுச்சு. ஒரு பகுதியின் விற்பனை இரட்டிப்பாத் தெரிஞ்சது. அதை நம்பி வாங்கல் பிரிவு ரெண்டு மடங்கு ஆர்டர் போட்டுடுச்சு, அதில் சீக்கிரம் கெட்டுப்போற சரக்கும் உண்டு. மீட்டிங்கில் எல்லாக் கண்ணும் திரும்பினது ரிப்போர்ட் அனுப்பின பொண்ணு மேல. வேலைக்குச் சேர்ந்து சில மாசம்தான் ஆகியிருந்தது. டேபிளில் பிரைமரி கீ இருக்குன்னு பார்த்துட்டுத்தான் நம்பினாங்க. அவங்க செஞ்சது நியாயமான நம்பிக்கை. அது வெறும் ஸ்டிக்கர்னு யாரும் சொல்லித்தரலை.

தப்பிக்கிற வழி ரொம்ப எளிது. ஒவ்வொரு தடவை டேட்டா ஏறினதும் மொத்த வரிசை எத்தனை, வெவ்வேறு இன்வாய்ஸ் எண் எத்தனைன்னு ரெண்டையும் எண்ணுங்க. ஒரு வரிசைக்கு ஒரு இன்வாய்ஸ்னா ரெண்டும் சமமா இருக்கணும். சமமா இல்லைன்னா ரிப்போர்ட் வெளியே போகக்கூடாது. இதை ஆட்டோமேட் பண்ணிடுங்க.

நம்ம பெயர் படுற பாடு

உங்க அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பேங்கில் ஒரு மாதிரி, கரண்ட் பில்லில் இன்னொரு மாதிரி இருக்கா? நம்ம வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கடைசிப் பெயர் கட்டாயம்னு சொல்ற ஒரு டேபிளில் ஒரே ஆள் மூணு கஸ்டமரா மாறிடுவார். டேபிள் வடிவமைக்கிற இடத்தில் நீங்க இருந்தா, முழுப் பெயருக்கு ஒரே பத்தி போதும்னு வாதாடுங்க.

தமிழ் எழுத்தில் சேமிக்கும்போது இன்னொன்னு. 'தமிழ்' நமக்கு மூணு எழுத்து. போஸ்ட்கிரெஸும் பிக்குவெரியும் 5ன்னு எண்ணும், ஏன்னா இகரக் குறியும் புள்ளியும் தனி. பைட்டாக எண்ணினா 15. நீள வரம்பு வைக்கும்போது இதை மனசில் வைங்க, இல்லைன்னா பெயர் நடுவில் வெட்டுப்படும்.

சரி, எதை எடுக்கிறது?

ஒருத்தர், சின்ன டேட்டா, ஒரு நாள் வேலை: எக்ஸெல்.
ஒருத்தர், பெரிய ஃபைல், அலசல்: டக்டிபி.
பல பேர் எழுதணும், தப்பான டேட்டா உள்ளே வரவே கூடாது: போஸ்ட்கிரெஸ்.
டெராபைட் கணக்கில் டேட்டா, பல டீம் படிக்கணும், சர்வர் பார்க்க ஆள் இல்லை: பிக்குவெரி அல்லது ஸ்னோஃப்ளேக். உச்சவரம்பு போட்ட பிறகு.

ரெண்டைச் சேர்த்து வைக்கிறதும் தப்பில்லை. சின்ன டீமுக்கு நான் அடிக்கடி சொல்ற ஜோடி, சேமிக்க போஸ்ட்கிரெஸ், அலச டக்டிபி.

எக்ஸெலைத் தவிர இங்கே சொன்ன எல்லாத்துக்கும் பொது மொழி எஸ்கியூஎல். 1974ல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் வெளியிட்ட மொழியின் வாரிசு. தேதியை மாச வாரியா வெட்டுற மாதிரி சின்னச் சின்ன விஷயங்களில்தான் ஒவ்வொரு டூலும் வேறுபடும், அதை ஒரு வாரத்தில் பழகிடலாம். இன்டர்வியூவுக்கு எந்த டூல் படிக்கணும்னு கேட்கிறவங்களுக்கும் பதில் இதுதான்: முதலில் எஸ்கியூஎல்.

உங்க ஆபீஸில் எது ஓடுது, மாச பில் எவ்வளவு அதிர்ச்சி கொடுத்துச்சுன்னு இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. கம்பெனி பெயர் வேண்டாம். நல்ல கதைகளை அடுத்த எபிசோடில் படிக்கிறோம்.