முடிச்சுப் போடுமுன் பிரியுங்கள்: நெகிழிக் கழிவைக் குறைக்கக் குடியிருப்புகள் செய்யக்கூடியது என்ன?

செலாயாங் - காலையில் நாசி லெமாக், மதியம் பொட்டலச் சோறு, மாலையில் இரவுச் சந்தைப் பலகாரம், பையில் ஊற்றிக் கொடுக்கும் தே ஐஸ். ஒரு குடும்பத்தின் சாதாரண நாள் முடிவதற்குள் கை நிறைய நெகிழி சேர்ந்துவிடுகிறது. அதை மீன் முள்ளோடும் எஞ்சிய குழம்போடும் ஒரே பையில் கட்டி வெளியே வைத்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பைக்கு முடிச்சுப் போடும்போதே நெகிழியின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது. பிரித்து வைத்தால் அது மூலப்பொருள். கலந்து கட்டினால் வெறும் குப்பை.

சீனா, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா ஆகிய ஆறு நாடுகளை ஒப்பிட்டு உலக வனவிலங்கு நிதியம் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நெகிழிப் பொதிகளை அதிகம் பயன்படுத்துவோர் மலேசியர்களே என்றது அந்த ஆய்வு. ஆளுக்கு ஆண்டுக்கு 16.78 கிலோ. நாட்டில் முக்கிய நெகிழி வகைகளில் 2019-இல் 24 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி செய்யப்பட்டதாக உலக வங்கி 2021-இல் கணக்கிட்டது. மீட்டெடுக்காமல் இழக்கும் நெகிழியின் மதிப்பு ஆண்டுக்கு 110 கோடி அமெரிக்க டாலர் என்றும் அது குறிப்பிட்டது.

குப்பை எங்கே போகிறது?

செலாயாங் நகராண்மைக் கழகத்தின் எல்லை செலாயாங்கோடு நிற்பதில்லை. பத்துமலை, ரவாங் போன்ற பகுதிகளும் அதில் அடங்கும். இங்கு சேரும் குப்பை ஹுலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகார் நிலப்பரப்புக்குக் கொண்டு செல்லப்படுகிறது. லோரிக்கும் அங்கே கொட்டுவதற்கும் ஆகும் செலவு எடைக்கு ஏற்ப ஏறும். அந்தப் பணம் குடியிருப்பாளர்கள் கட்டும் மதிப்பீட்டு வரி போன்ற பொதுப்பணத்திலிருந்தே வருகிறது. கடையில் 'இலவசமாக' வரும் நெகிழிக்கு மக்கள் பின்வாசல் வழியாக விலை கொடுக்கிறார்கள்.

லோரியில் ஏறாத குப்பை கால்வாய்க்குப் போகிறது. பத்துமலைக்குப் பெயர் தந்த சுங்கை பத்து ஆறு கோம்பாக் ஆற்றில் கலக்கிறது. கோம்பாக் ஆறு மஸ்ஜிட் ஜாமேக் அருகே கிள்ளான் ஆற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. ஆக, இங்கே கால்வாயில் விழும் ஒரு குவளை கடலைத் தொட வழி இருக்கிறது. ஆறுகள் வழியாக அதிக நெகிழியைக் கடலில் சேர்க்கும் நாடுகளில் பிலிப்பைன்ஸ், இந்தியாவுக்கு அடுத்து மலேசியா மூன்றாம் இடத்தில் இருப்பதாக 2021-இல் வெளியான ஓர் அனைத்துலக ஆய்வு மதிப்பிட்டது. கால்வாயில் அடைபடும் பைகள் மழை நாளில் வெள்ளத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகின்றன. மழைநீர் தேங்கும் குவளைகளும் டப்பாக்களும் ஏடிஸ் கொசுவுக்கு வீடாகின்றன. டிங்கி காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர் என்பதை மறந்துவிட முடியாது.

ஜெஞ்ஜாரோம் தந்த பாடம்

குப்பை இவ்வளவு இருந்தும், மலேசிய மறுசுழற்சி ஆலைகள் பல ஆண்டுகள் வெளிநாட்டுக் கழிவையே இறக்குமதி செய்தன. காரணம் எளிது. வெளியிலிருந்து வந்ததில் பெரும்பகுதி வகை பிரித்தது, காய்ந்தது. உள்ளூர்க் குப்பையோ சோறும் குழம்பும் கலந்த ஈரக் குப்பை. அதைக் கழுவிப் பிரிக்கும் செலவு, கிடைக்கும் விலையையே விழுங்கிவிடும்.

2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டு நெகிழிக் கழிவுக்குக் கதவடைத்ததும் அந்தக் கழிவு மலேசியாவை நோக்கித் திரும்பியது. கோலா லங்காட் மாவட்டத்தின் ஜெஞ்ஜாரோம் வட்டாரத்தில் உரிமமில்லா ஆலைகள் முளைத்தன. விலை போகாத மிச்சம் இரவில் எரிக்கப்பட்டது. புகையைச் சுவாசித்த குடியிருப்பாளர்களே ஒன்று சேர்ந்து புகார் கொடுத்துப் போராடினார்கள். பல ஆலைகள் மூடப்பட்டன. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன் கழிவு வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. 2025 ஜூலை 1 முதல், பாசல் உடன்படிக்கையில் இல்லாத நாடுகளிலிருந்து நெகிழிக் கழிவு வருவதற்கும் தடை வந்துள்ளது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. 'மறுசுழற்சி' என்று பெயர் வைத்தால் மட்டும் அது மறுசுழற்சி ஆகிவிடாது. சேர்த்த பொருள் எங்கே போகிறது என்று கேட்பது மக்களின் உரிமை. அடுத்தது, உள்ளூர்க் கழிவு சுத்தமாகக் கிடைத்தால்தான் ஆலைகள் உள்ளூரை நாடும். அந்தச் சுத்தம் ஆலையில் அல்ல, அடுப்படியில் தொடங்குகிறது.

எது விலை போகும், எது போகாது?

போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் குடிநீர், குளிர்பானப் போத்தல். 2 என்றால் ஷாம்பு, சவர்க்காரத் திரவம் போன்றவற்றின் கெட்டியான போத்தல். 5 என்றால் பல உணவு டப்பாக்களும் மூடிகளும். இந்த மூன்றையும் வாங்க ஆள் உண்டு. ஆலையில் இவற்றைத் துண்டாக்கித் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். 1-ஆம் எண் மூழ்கும், 2-உம் 5-உம் மிதக்கும். பிறகு கழுவி, உருக்கி, சிறு மணிகளாக்கி விற்பார்கள். போத்தல் துணி நூலாகவும், கெட்டி நெகிழி வாளியாகவும் குழாயாகவும் மறுபிறவி எடுக்கும்.

6-ஆம் எண் கொண்ட போலிஸ்திரின் பெட்டி, உறிஞ்சு குழல், பல அடுக்குகள் கொண்ட மிக்சர், மீ பாக்கெட்டுகள், எண்ணெய் ஒட்டிய பாக்கெட் ஆகியவற்றைப் பெரும்பாலும் யாரும் வாங்குவதில்லை. இவற்றை 'எப்படியாவது மறுசுழற்சி ஆகட்டும்' என்று நல்ல போத்தல்களோடு போட்டால், மொத்த மூட்டையின் மதிப்பும் குறையும். வாங்காமல் தவிர்ப்பது ஒன்றே இவற்றுக்கு வழி.

குடியிருப்பில் தொடங்குவது எப்படி?

வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பதைக் கட்டாயமாக்கும் நடைமுறை 2015 செப்டம்பர் 1-இல் கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், பகாங் உள்ளிட்ட இடங்களில் தொடங்கியது. அந்தப் பட்டியலில் சிலாங்கூர் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் கோலாலம்பூருக்கு ஒரு விதி, இந்தப் பக்கம் செலாயாங்கிற்கு வேறு நிலைமை. சட்டம் விட்ட இடைவெளியை அக்கம்பக்கத்தார்தான் நிரப்ப வேண்டும்.

வீட்டில் இரண்டு பைகள் போதும், ஒன்று ஈரத்துக்கு, ஒன்று காய்ந்ததற்கு. போத்தலில் மிச்சத்தை ஊற்றிவிட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே ஒரு முறை அலசி, நசுக்கி வைத்தால் இடமும் மிச்சம், எறும்பும் வராது. அடுக்குமாடிகளில் கூரையுள்ள ஓர் இடத்தைக் கூட்டு நிர்வாகக் குழு ஒதுக்கலாம். மழைநீர் தேங்கக் கூடாது என்பதால் கூரை அவசியம். மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, வாங்குபவரை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். எத்தனை கிலோ சேர்ந்தது, எவ்வளவு பணம் வந்தது, அது எதற்குச் செலவானது என்பதை மின்தூக்கி அருகே எழுதி ஒட்ட வேண்டும். கணக்கு தெரிந்தால்தான் நம்பிக்கை நிற்கும். முதல் மாத உற்சாகம் மூன்றாம் மாதத்தில் வற்றிப்போகும் இடங்களில் பெரும்பாலும் இந்தக் கணக்கு இருப்பதில்லை.

ருக்குன் தெத்தாங்கா, ஆலய இளைஞர் பிரிவு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று பொறுப்பேற்க அமைப்புகள் பல உண்டு. பிள்ளைகள் பள்ளியில் கற்று வந்து வீட்டில் கேட்கும் கேள்வி, எந்தச் சுவரொட்டியையும் விட வேகமாக வேலை செய்யும்.

பந்தலிலும் அன்னதானத்திலும்

தைப்பூசத்தில் பத்துமலைக்குத் திரளும் பக்தர்களுக்குத் தண்ணீரும் சோறும் தருவது நம் மக்களின் பெருமை. ஆனால் மறுநாள் சாலையோரம் மிதிபட்டுக் கிடக்கும் குவளைகள் அந்தப் புண்ணியத்துக்கு அழகல்ல. பெரிய தண்ணீர்க் கலன் வைத்து, பக்தர்கள் கொண்டுவரும் போத்தலில் நிரப்பித் தரலாம். சோற்றுக்கு வாழையிலை இருக்கிறது. ஒவ்வொரு பந்தலும் ஈரக் குப்பைக்கு ஒன்று, போத்தலுக்கு ஒன்று என இரண்டு தொட்டி வைத்து, அருகே ஒரு தொண்டரை நிறுத்தினால் பாதி வேலை அங்கேயே முடியும். திருமணம், பிறந்தநாள், ஆலயத் திருவிழா அனைத்துக்கும் இது பொருந்தும்.

சிலாங்கூரில் 2010 முதல் சனிக்கிழமைகளில் இலவச நெகிழிப் பை நிறுத்தப்பட்டது. 2017 ஜனவரி 1 முதல் எல்லா நாளும் பைக்கு 20 சென் என்றானது. தமிழ்நாடு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. இரண்டின் நோக்கமும் ஒன்றே: பையை வீட்டிலிருந்து எடுத்துப் போகும் பழக்கத்தை மீட்பது. மறுசுழற்சி இரண்டாவது படி. வாங்காமல் குறைப்பதே முதல் படி.

நாட்டின் மொத்த மறுசுழற்சி விகிதம் 2018-இல் 24.6 விழுக்காடு. 2023-இல் அது 35.38 விழுக்காடாக உயர்ந்தது. எண் ஏறுகிறது என்றால் எங்கோ சிலர் பிரித்து வைக்கிறார்கள் என்று பொருள். ஆண்டுதோறும் நவம்பர் 11 தேசிய மறுசுழற்சி நாள். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இன்றிரவு குப்பைப் பைக்கு முடிச்சுப் போடுமுன் போத்தல்களை வெளியே எடுத்து வைத்தால், அதுவே தொடக்கம்.