காய்ச்சலும் நஷ்ட ஈடும்

மலேரியாவை டைபாயிடு எனக் கொண்டு சிகிச்சை செய்ததால் மனைவியை இழந்த ஐதராபாத் அன்பர் ஒருவரின் வழக்கை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். அவரே மலேரியா இலாகா உத்தியோகஸ்தர். டைபாயிடு இல்லையென்று இரத்தப் பரிசோதனை காட்டிய பின்னும் ஆஸ்பத்திரியார் அச்சிகிச்சையையே தொடர்ந்தனர். மாவட்ட நுகர்வோர் மன்றம் 2 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு விதித்தது. நிபுணர் சாட்சியம் இல்லையென்று மாநில ஆணையம் அதனைத் தள்ளிற்று. 2010-இல் உச்ச நீதிமன்றம், பிழை வெளிப்படையாயிருக்கும் வழக்குகளில் நிபுணர் சாட்சியம் கட்டாயமன்று எனக் கூறி, முதல் தீர்ப்பை நிலைநிறுத்தியது.

ஆயினும் நோயறிவதில் நேரும் பிழையெல்லாம் அஜாக்கிரதை ஆகாது. எலிக்காய்ச்சல் தொடக்கத்தில் சாதாரணச் சுரம் போலவே தோன்றும். தேங்கிய நீரிலும் சேற்றிலும் வேலை செய்ததை நோயாளி சொல்லாவிடில், டாக்டரை மட்டும் குறை கூறல் எங்ஙனம்? சொல்லியும் பரிசோதனை செய்யாது விட்டாரெனில், அது வேறு விஷயம்.

சங்கத்து ரசீதுகளைப் பத்திரப்படுத்தும் நம்மவர், ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மட்டும் ஏனோ எறிந்துவிடுகின்றனர்! சிகிச்சைக் குறிப்புகளை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தருதல் வேண்டும். வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணமில்லை. எல்லோருக்கும் இலவசமாகவே வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரிகள் இம்மன்றத்தின் வரம்புக்குள் வாரா; அவற்றின் மீது சிவில் நீதிமன்றத்தையே நாட வேண்டும்.