சீரான தையலும் தையல் இயந்திரமும்

வெள்ளைத் துணியில் தவறாக விழுந்த தையலைப் பிரித்தெடுத்துவிடலாம். ஆனால் ஊசி துளைத்த தடங்கள் எளிதில் மறைவதில்லை. பாடசாலைத் தவணை தொடங்குமுன் அயலவரின் சீருடைத் துணிகளைத் தைத்துக் கொடுத்து, அதனால் வரும் கூலியைக் குடும்பச் செலவுக்குத் துணையாகக் கொள்ளும் பெண்ணுக்கு இஃது அற்பமான செய்தியன்று. துணி பிறருடையது, அது கெட்டால் ஈடு செய்ய வேண்டியவள் அவளே. தையல் சுருங்கினாலும் நூல் சிக்கினாலும் இயந்திரம் பழுதாகிவிட்டதென்று எண்ணித் திருத்துவோரை நாடுவது பலரின் வழக்கம். ஆயினும் பல வேளைகளில் இயந்திரத்தில் பழுது எதுவும் இருப்பதில்லை. ஊசி, நூல், இறுக்கம் ஆகியவை தைக்கும் துணிக்கு ஏற்றவாறு அமையாமையே குறைக்குக் காரணமாகும்.

இதனை விளங்கிக்கொள்வதற்குத் தையல் எவ்வாறு விழுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பிரான்சு நாட்டுத் தையற்காரரான திமோனியே 1830ஆம் ஆண்டு உரிமை பெற்ற இயந்திரம் ஒரே நூலைக் கொண்டு சங்கிலித் தையல் போட்டது. அத்தகைய தையலில் நூலின் முனை அறுந்து இழுபட்டால் வரிசை முழுவதும் அவிழ்ந்துவிடும். அமெரிக்கராகிய எலியாஸ் ஹோ 1846ஆம் ஆண்டு உரிமை பெற்ற இயந்திரத்தில் இரண்டு நூல்கள் பயன்பட்டன. ஊசியின் கண் அதன் கூர்முனைக்கு அருகில் அமைந்தது. ஐசாக் சிங்கர் 1851இல் உரிமை பெற்ற இயந்திரத்தில் ஊசி மேலும் கீழுமாக நேராக இயங்கியது. இன்று வீடுகளில் உள்ள சாதாரண இயந்திரங்களும் இந்த இரு நூல் முறையிலேயே தைக்கின்றன.

ஊசி மேல் நூலைத் துணிக்குக் கீழே கொண்டு சென்று சிறிது மேலெழும்பும்போது, அங்கே ஒரு வளையம் உண்டாகின்றது. பொபினைச் சுற்றி இயங்கும் கொக்கி அவ்வளையத்தைப் பற்றி, கீழ் நூலைச் சுற்றி வரச் செய்கின்றது. பின்னர் மேல் நூல் இழுக்கப்பட, இரு நூல்களும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. அந்தப் பூட்டு துணியின் நடுவே மறைந்திருப்பின் தையல் இருபுறமும் ஒரே தோற்றமுடையதாகும். எந்த நூல் மிகுதியாக இறுகியிருக்கின்றதோ, அது பூட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சீரான தையலின் இரகசியம் இவ்வளவே.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். துணியின் அடிப்பக்கத்தில் வளையங்கள் தொங்கினால், குறை பெரும்பாலும் மேல் நூலிலேயே இருக்கும்; அது தளர்ந்திருப்பதால் கீழ் நூல் அதனைக் கீழே இழுத்துவிட்டது. மேற்பக்கத்தில் கீழ் நூல் புள்ளி புள்ளியாகத் தெரியின், மேல் நூல் அளவுக்கு மிஞ்சி இறுகியுள்ளது. குறை தெரியும் பக்கத்தை மட்டும் பார்த்துப் பொபினைத் திருத்த முயல்வோர் மேலும் சிக்கலையே விளைவிப்பர்.

இறுக்கத்தை மாற்றுமுன் வேறு சிலவற்றைச் சோதித்தல் நன்று. முதலாவது ஊசி. வளைந்த ஊசியும் முனை மழுங்கிய ஊசியும் எந்த அமைப்பினாலும் நல்ல தையல் தரமாட்டா. மெல்லிய வாயிலுக்கு 9 அல்லது 11ஆம் இலக்க ஊசியும், சாதாரண பருத்தித் துணிக்கு 14ஆம் இலக்கமும், தடித்த காற்சட்டைத் துணிக்கு 16 அல்லது 18ஆம் இலக்கமும் பொருந்தும். ஊசியின் மேற்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாகவும், மறுபக்கத்தில் நீண்ட பள்ளம் ஓடியும் இருக்கும். பள்ளமுள்ள பக்கத்திலிருந்தே நூலைக் கோக்க வேண்டும்.

இரண்டாவது, நூல் கோக்கும் முறை. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை உயர்த்தியவுடன் இறுக்கத் தட்டுகள் விலகி நிற்கும். நூல் அவற்றினிடையே சரியாக விழும். பாதத்தைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு நூல் கோப்பின், அது தட்டுகளுக்கு வெளியே நின்றுவிடக்கூடும். அப்போது இறுக்கத் திருகை எவ்வளவு திருப்பினும் பயனில்லை. மாறாக, இறுக்கத்தைச் சோதித்துப் பார்ப்பது பாதம் தாழ்ந்திருக்கும்போதே பொருந்தும்.

இவை சரியாயின், தைக்கப்போகும் துணியின் துண்டொன்றை இரண்டாக மடித்து, மேலும் கீழும் வெவ்வேறு நிற நூல்களைக் கோத்துச் சாய்வாக ஒரு வரிசை தைக்க வேண்டும். பின்னர் இருகைகளாலும் அவ்வரிசையைச் சட்டென இழுத்தால், இறுகிய நூலே முதலில் அறும். இரண்டும் ஒன்றாக அறுந்தால் இறுக்கம் சமமாக உள்ளதென்று கொள்ளலாம். மேல் நூலின் திருகை வலப்பக்கம் திருப்பினால் இறுக்கம் கூடும்; இடப்பக்கம் திருப்பினால் குறையும். ஒவ்வொரு முறையும் சிறிதளவே திருப்பி, மீண்டும் தைத்துப் பார்த்தல் வேண்டும்.

மேல் நூலைத் திருத்தியும் பயன் கிட்டாதபோது மட்டுமே பொபின் உறையின் சிறு திருகைத் தொடுதல் தகும். கழற்றக்கூடிய உறையாயின், பொபினை அதனுள் இட்டு, நூலின் முனையைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். உறை தன் பாரத்தால் வழுகி விழுந்துவிடக் கூடாது. கையை மெல்ல அசைத்தால் சிறிது இறங்கி நிற்க வேண்டும். இத்திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்புவது ஆபத்தானது.

அடுத்து, தையலின் நீளம். சாதாரண பருத்தித் துணிக்கு ஓர் அங்குலத்தில் ஏறக்குறைய 12 தையல்கள் போதும். மெல்லிய துணிக்கு 14 முதல் 16 வரையும், தடித்த துணிக்கு 8 முதல் 10 வரையும் இருத்தல் நன்று. மெல்லிய துணி தையலோரத்தில் சுருங்கினால், இரு நூல்களின் இறுக்கத்தையும் பாதத்தின் அழுத்தத்தையும் சற்றுக் குறைத்து, நுண்ணிய ஊசியை இடுதல் வேண்டும். துணியைப் பின்னாலிருந்து இழுப்பது தவறு. ஊசித் தட்டின் கீழுள்ள பற்களே எழுந்து, துணியை நகர்த்தி, தாழ்ந்து, மீளும் வேலையைச் செய்கின்றன. கையால் இழுப்பவர் அவற்றின் கணக்கைக் குலைக்கின்றார். ஊசியும் வளைந்து தட்டில் மோதுகின்றது. கைகளின் கடமை துணிக்கு வழிகாட்டுவதே.

பற்களின் இடுக்கிலும் பொபின் இருப்பிடத்திலும் சேரும் பஞ்சைத் தூரிகையால் அகற்றுவது அவசியம். எண்ணெய் இடுவோர் தையல் இயந்திர எண்ணெயையே பயன்படுத்தல் வேண்டும். அவசரத்துக்கு ஊற்றப்படும் தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகும். நுவரெலியா போன்ற குளிர்மிகுந்த இடங்களில் உறைந்தும்போகும்.

தைத்து முடித்த துணித்துண்டுகளை வீசிவிடாமல், துணியின் வகை, ஊசியின் இலக்கம், இறுக்கத் திருகின் எண், தையலின் நீளம் ஆகியவற்றைச் சிறு தாளில் எழுதி, அத்துண்டுடன் குத்தி ஒரு கொப்பியில் சேர்த்து வைத்தல் பெரும் பயன் தரும். அடுத்த முறை அதே வகைத் துணி கைக்கு வரும்போது, பிறருடைய துணியில் பரீட்சை செய்து பார்க்கவேண்டிய தேவை ஏற்படாது.