கோவையில் நின்ற போர்க்கப்பல்

கோவைக்குக் கடல் இல்லை. ஆனால், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் 'கப்பல்' ஒன்று இங்கே இருந்தது. இதை எனக்குத் தெரிவித்தது எந்த வரலாற்று நூலும் அல்ல. ஒரு பழைய அஞ்சல் உறை.

சில ஆண்டுகளுக்கு முன் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் பொருளாதார நூல் ஒன்றை வாங்கினேன். அதனுள் பக்க அடையாளமாக அந்த உறை செருகப்பட்டிருந்தது. முகவரியில் ஒரு கடற்படை வீரரின் பெயர், அதன்கீழ் 'எச்.எம்.எஸ். கருடா, லண்டன் தலைமை அஞ்சலகம் வழியாக' என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. தபால்தலை இருந்த மூலையை யாரோ கத்தரித்து எடுத்துவிட்டிருந்தனர்.

'எச்.எம்.எஸ்.' என்பது பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் பெயருக்கு முன்வரும் அடைமொழி. எனவே, கருடா என்ற கப்பலைத் தேடினேன். கொச்சியில் ஐ.என்.எஸ். கருடா என்ற இந்தியக் கடற்படை விமானதளம் உண்டு. ஆனால், அது 1953-இல்தான் தொடங்கப்பட்டது. விடை கோவையிலேயே இருந்தது. கரையில் அமைந்த தன் நிலையங்களுக்கும் கப்பல்போல் பெயரிடுவது பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கம். அவ்வாறு, கோவையில் 1942 முதல் 1946 வரை இயங்கிய கடற்படை விமானப் பழுதுபார்ப்பு நிலையத்தின் பெயரே 'கருடா'. சூலூர் விமானதளம் 1945-இல் 'வைரி' என்ற பெயரில் கடற்படை நிலையமாயிற்று.

ஒரு வீரர் கோவையில் இருக்கும்போது முகவரியில் லண்டன் ஏன் வரவேண்டும்? படை எங்கே இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரியக் கூடாது. ராணுவ அஞ்சல் முறையின் அடிப்படையே இதுதான். ஊர்ப் பெயரை மறைத்து, படைப்பிரிவையும் எண்ணையும் மட்டும் காட்டுவது அம்முறை. லடாக்கில் பணிபுரியும் நம் ஊர் வீரருக்கு இன்றும் '56 ஏ.பி.ஓ.' என்றுதானே எழுதுகிறோம்? கிழக்கு எல்லையில் இருப்பவருக்கு '99 ஏ.பி.ஓ.'.

ஆகவே, பழைய ராணுவ உறையை ஆராய்வது என்பது, மறைக்கப்பட்ட ஊரைக் கண்டறிவதே. முகவரி, அஞ்சல் முத்திரை, தணிக்கை முத்திரை, தபால்தலை ஆகிய நான்கும் இதற்குச் சாட்சிகள். களத் தபால் அலுவலக முத்திரையில் பெரும்பாலும் ஊர் இராது. எண்ணும் தேதியும் மட்டுமே இருக்கும். படை நகரும்போது அந்த அலுவலகமும் உடன் நகரும். எனவே, அந்த எண் அந்தத் தேதியில் எங்கிருந்தது என்று பார்க்க வேண்டும். எண் மட்டும் இருந்து தேதி இல்லையெனில் பாதிச் செய்தியே கிடைக்கும்.

தபால்தலையும் இடம் சொல்லும். முதல் உலகப் போரில் வெளிநாடு சென்ற இந்தியப் படையினருக்காக 1914-இல் 'ஐ.இ.எஃப்.' என்ற எழுத்துகளும், கொரியா சென்ற இந்தியக் காவல் படைக்காக 1953-இல் ஹிந்தி வாசகமும் இந்தியத் தபால்தலைகளின்மீது அச்சிடப்பட்டன.

இந்தச் சாட்சிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே இறுதிச் சோதனை. 'வைரி' முகவரியிட்ட உறையில் 1943-ஆம் ஆண்டு முத்திரை இருந்தால் ஐயப்பட வேண்டும். அவசர முடிவும் கூடாது. நீலகிரியிலிருந்து ஒரு போர்க்கைதி எழுதிய கடிதம் என்றதும், உலகப் போர்க்கால ஜெர்மானியரையோ இத்தாலியரையோ மனம் நினைக்கும். ஆனால், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டுப் பிடிபட்ட போயர்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கேத்தியிலும் திருச்சியிலும் சிறை வைக்கப்பட்டிருந்தனர்.

என்னிடம் உள்ள உறைக்கு வருகிறேன். நிலையம் இயங்கிய காலத்தைக் கொண்டு, அது 1942-க்கும் 1946-க்கும் இடைப்பட்டது என்று மட்டுமே சொல்ல முடிகிறது. அது போர் உச்சத்தில் இருந்தபோது வந்த கடிதமா, போர் முடிந்தபின் ஊர் திரும்பக் காத்திருந்தவருக்கு வந்ததா? அதைச் சொல்லியிருக்கக்கூடிய முத்திரை, கத்தரிக்கப்பட்ட மூலையோடு போய்விட்டது. தபால்தலை சேர்த்த யாரோ ஒருவருக்குக் கிடைத்தது ஒரு தலை. வரலாறு இழந்தது ஒரு தேதி.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று தோன்றுகிறது. சந்தை ஒவ்வோர் உறைக்கும் தனித்தனியே விலை வைக்கிறது. ஆனால், ஒரு குடும்பத்துக் கடிதக்கட்டின் மதிப்பு அதன் உறைகளின் விலைகளைக் கூட்டினால் வருவதன்று. ஓர் உறை ஒரு நாளைச் சொல்லும். முழுக்கட்டு ஒரு மனிதரின் போர் வாழ்வையே சொல்லும். பிரித்து விற்றபின் எந்த விலை கொடுத்தாலும் அதை மீண்டும் சேர்க்க இயலாது.

இந்த இழப்பு சிறியதன்று. முதல் உலகப் போரின்போது பிரான்ஸிலிருந்த இந்திய வீரர்களின் கடிதங்களைத் தணிக்கையாளர்கள் படித்து, பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கைகளில் சேர்த்தனர். அந்த அறிக்கைகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. மூலக் கடிதங்களோ பெரும்பாலும் இல்லை. அங்கே போரிட்டவர்களுள் பெரும்பாலோர் வடஇந்தியர். அப்படியிருக்க, மதராஸ் சாப்பர்ஸ் போன்ற படைப்பிரிவுகளில் பணியாற்றிய தமிழர் தம் மொழியில் எழுதியதை எங்கே தேடுவது? அவர்களின் குடும்பத்தார் வீட்டுப் பரணில்தான்.

கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன் வீட்டை ஒழுங்கு செய்து காப்புக் கட்டுவோம். அப்போது, கம்பியில் குத்திய பழைய கடிதக்கட்டு கைக்கு வந்தால் பழைய காகிதக் கடைக்கு அனுப்பிவிட வேண்டாம். தபால்தலையைக் கத்தரிக்க வேண்டாம்; நெகிழி ஒட்டுநாடா ஒட்ட வேண்டாம். உறையை அதற்குரிய கடிதத்தோடு வைத்து, இருபுறமும் படமெடுங்கள். அது யாருடையது, யாரிடமிருந்து வந்தது என்பதை வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுத் தனித்தாளில் எழுதி வையுங்கள்.

போரில் இறந்தவரானால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவுகள் பலவற்றை 'அபிலேக் படல்' இணையதளத்தில் பார்க்கலாம். கல்லூரி வரலாற்றுத் துறைகள் மாணவர்களைக் கொண்டு இத்தகைய கடிதங்களைப் படமெடுத்துத் தொகுக்கலாம். மூலம் உரியவரின் வீட்டிலேயே இருக்கட்டும்.

முத்திரையின் எண்ணுக்குரிய ஊரை ஆவணக் காப்பகத்தில் என்றாவது கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கடிதம் வந்த நாளில் வீட்டில் யார் அதைப் படித்துக் காட்டினார் என்பதைச் சொல்லப் பாட்டி ஒருவர்தான் இருக்கிறார். முதலில் அவரிடம் கேட்போம்.